பட்டாசுப் பெட்டிக்கு முகவரி உண்டு, பிள்ளைக்கு?

சிவகாசிப் பக்கமிருந்து லோடு ஏறுகிற ஒரு பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். யார் செய்தது, எந்த ஊர், எப்படிக் கொளுத்த வேண்டும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எல்லாம் அச்சாகியிருக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, பசுமைப் பட்டாசு என்று ஒன்று வந்தபிறகு, நீரி நிறுவனத்தின் முத்திரையும் ஒரு கியூஆர் கோடும் சேர்ந்துகொண்டன. அதாவது ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியைச் செல்போனில் காட்டினால் அதன் பூர்வீகம் வந்து நிற்கும். அந்தப் பெட்டிகளை ஏற்றிப் போகும் லாரிக்கும் விதி உண்டு. வெடிபொருள் என்று வண்டியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும், டிரைவர் கையில் காகிதம் இருக்க வேண்டும். 2008ஆம் வருட வெடிபொருள் விதிகளைப் புரட்டினால் பக்கம் பக்கமாக இதுதான்.

அதே ரோட்டில், அதே காலை 8 மணிக்கு, தாயில்பட்டியிலிருந்து ஒரு ஆம்னி வேன் கிளம்புகிறது. உள்ளே எல்கேஜி, யூகேஜி பிள்ளைகள். எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது, கேட்டால் டிரைவருக்குக் கோபம் வரும். பிள்ளைகள் கழுத்தில் டை, இடுப்பில் பெல்ட், சட்டைப் பையில் பேட்ஜ். மூன்றிலும் பள்ளிக்கூடத்தின் பெயர் பளபளவென்று இருக்கிறது. பிள்ளையின் பெயர் ஒன்றிலும் இல்லை.

மேட்டர் இதுதான். ஊரை விட்டு வெளியே போகிற மத்தாப்புக்கு முகவரி உண்டு. ஊரை விட்டு வெளியே போகிற நாலு வயசுப் பிள்ளைக்குக் கிடையாது.

ஏன், ஐடி கார்டு இருக்கிறதே என்று உடனே ஒரு குரல் வரும். இருக்கிறது. எங்கே? பெரும்பாலும் புத்தகப் பையில். கழுத்தில் தொங்கினால் விளையாடும்போது இழுபடுகிறது, கயிறு இறுக்குகிறது என்று மிஸ் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார் (அவர் செய்வது சரியும்கூட; சின்னப் பிள்ளை கழுத்தில் கயிறு ஆபத்துதான்). பையெல்லாம் வேனில் பிள்ளையோடு இருக்காது. மேலே கேரியரில் இருக்கும், அல்லது பின்னால் குவியலாகக் கிடக்கும். வண்டி கவிழ்ந்தால் பைகள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். அந்தப் பதற்றத்தில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் கிடந்த பையைப் பார்த்து இதுதான் அந்தப் பிள்ளை என்று யாராவது முடிவு கட்டினால் என்ன ஆகும்? தகவல் வேறு வீட்டுக்குப் போகும். ஒரு அம்மா வீணாக நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவருவாள். இன்னொரு அம்மா தன் பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பாள். அடையாளமே இல்லாததைவிடத் தப்பான அடையாளம் மோசம்.

சரி, பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாமே? கேட்டுப் பாருங்கள்.

"உன் பேரு என்ன?" "பாப்பா."
"அம்மா பேரு?" "அம்மா."
"வீடு எங்கே?" "அங்க."

மூன்று வயதுப் பிள்ளை சொல்கிற பதில் இது. அதுவும் அடிபடாமல், அழாமல், தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது. ரத்தம் ஒழுகும்போது, சுற்றி நாற்பது பேர் கத்தும்போது, இதுவும் வராது.

தாயில்பட்டிக்காரர்களுக்கு விபத்து என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 ஜூனில் அந்த ஊரில் ஒரு வீட்டில் வெடித்ததில் 3 பேர் செத்தார்கள், அதில் ஒன்று சின்னப் பிள்ளை. அதே வருடம் பிப்ரவரியில் அச்சங்குளம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பெயர்கள் பாடப்புத்தகத் தேதிகள் மாதிரி மனப்பாடம். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலில் நடப்பதும் தெரியும். யார் எந்த ஆம்புலன்சில் போனார்கள், சிவகாசி ஜி.ஹெச்.சா, விருதுநகரா, மதுரைப் பெரியாஸ்பத்திரியா என்று ஆளாளுக்கு ஓடுவார்கள். வளர்ந்த ஆட்களுக்கே இந்த நிலைமை. அவர்களுக்காவது கம்பெனியில் வருகைப் பதிவேடு இருக்கிறது.

அப்படியும் வண்டி என்று வரும்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வெடித்தால் மட்டும்தான் விபத்து என்று ஒரு நினைப்பு. ஆனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளைப் பற்றி நாடு முதன்முதலில் பேசியதே ஒரு வண்டி விபத்தால்தான். 1976இல் சிவகாசிப் பக்கம், வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ் ஒன்று விபத்தில் சிக்கிப் பிள்ளைகள் பலர் செத்தார்கள். அதன்பிறகுதான் ஹர்பன்ஸ் சிங் என்ற அதிகாரியைப் போட்டு அரசாங்கம் விசாரித்தது. பிறகு 1979இல் குருபாதசாமி கமிட்டி, 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிவகாசியைக் குறித்தே எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று வரிசையாக வந்தன. நல்லதுதான். பிள்ளைகள் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவது நின்று, பள்ளிக்கூட வேனில் ஏறுகிறார்கள். பிள்ளை போகிற இடம் மாறிவிட்டது. ஏறுகிற வண்டியில் அந்தப் பிள்ளை யார் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லாத நிலைமை மட்டும் மாறவில்லை.

வண்டி விபத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளையை யாரென்று தெரிந்த ஆள், பிள்ளையோடு அதே வண்டியில்தான் இருப்பார். 2009 டிசம்பர் 3ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கத்தரிப்புலத்தில் ஒரு பள்ளி வேன் குளத்தில் விழுந்தது. பிள்ளைகள் 9 பேர் செத்தார்கள். அந்த வேனில் இருந்த இளம் ஆசிரியை சுகந்தி தண்ணீரில் இறங்கிப் பல பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுத் தானும் செத்துப்போனார். அந்தப் பெண்ணின் தைரியத்தை நாடே பாராட்டியது. பாராட்டியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று அந்த வண்டியில் தெரிந்த ஆளே போய்விட்டார் என்றால், கரையேறி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் அடையாளம் சொல்வது? கார் என்றால் இன்னும் மோசம். அப்பா ஓட்டுகிறார், அம்மா பக்கத்தில், பிள்ளை மடியில். மூன்று பேருக்கும் ஒரே அடி.

டிரைவரிடம் பட்டியல் இருக்கிறது என்பார்கள். பட்டியல் என்ன சொல்லும்? இந்த வண்டியில் இன்னார் இன்னார் வர வேண்டும் என்று சொல்லும். அன்றைக்கு யார் லீவு, யார் தாத்தா வீட்டிலிருந்து ஏறியது என்று அதற்குத் தெரியாது. முக்கியமாக, இந்த முகம் எந்தப் பெயர் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

அடையாளம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களுக்கு இரண்டு பாடம் 2004ஆம் வருடமே நடந்திருக்கிறது. ஜூலை 16, கும்பகோணம். 94 பிள்ளைகள். முகம் பார்த்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கருகிய உடல்கள் பல. அதைப் பற்றி அதிகம் எழுதக் கை வராது, விட்டுவிடலாம்.

இரண்டாவது, டிசம்பர் 26. சுனாமி அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை ஆஸ்பத்திரியில் ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். உயிரோடு. அன்றைக்கு வந்த 81ஆவது ஆள் என்பதால் அதற்கு 81ஆம் குழந்தை என்றே பெயராகிவிட்டது. ஒரு தமிழ்த் தம்பதி எங்கள் பிள்ளை என்று வந்து நின்றார்கள். ஆதாரம் எங்கே? வீட்டோடு போட்டோவும் காகிதமும் கடலுக்குள் போய்விட்டன. வேறு பலரும் அந்தப் பிள்ளை தங்களுடையது என்று சொல்வதாகப் பேச்சு பரவியது. ஒன்பது குடும்பம் உரிமை கேட்கிறது என்று உலகமெல்லாம் பத்திரிகைகள் எழுதின. உண்மையில் முறைப்படி கோர்ட்டுக்கு வந்தது அந்த ஒரு குடும்பம்தான். ஆனாலும் டிஎன்ஏ பரிசோதனை செய்து, முடிவு வந்து, பிள்ளை தாயின் கைக்கு வர 2005 பிப்ரவரி பாதி ஆகிவிட்டது. பிள்ளை கண் முன்னால் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பெற்றவள் வெளியே நிற்கிறாள். ஏழு வாரம்! ஆஸ்பத்திரி செய்ததில் தப்புச் சொல்ல முடியாது. கேட்டவர் கையில் எல்லாம் பிள்ளையைக் கொடுக்க முடியாதுதானே. தப்பு அந்தப் பெற்றோர் மேலும் இல்லை, அது சுனாமி. ஆனால் வேனும் காரும் சுனாமி இல்லை. தினமும் காலை 8 மணிக்கு ஹாரன் அடித்துவிட்டு வருகிறது.

இந்தியாவிலும் நடைமுறை அதேதான். பெரியவர் யாருமில்லாமல் ஒரு பிள்ளை கிடைத்தால் போலீசுக்கோ 1098க்கோ சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். 2015ஆம் வருடச் சட்டம். பிள்ளையைப் பாதுகாக்கத்தான் இத்தனையும். ஆனால் அடிபட்ட பிள்ளைக்கு அந்த முதல் 24 மணி நேரத்தில் தேவைப்படுவது குழு இல்லை. வலிப்பு வரும் பிள்ளையா, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை உள்ள பிள்ளையா, எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல ஒரு ஆள்.

இதில் ஒரு காமெடி, இந்த ஐடி கார்டுகளில் கொட்டை எழுத்தில் இருப்பது ரத்த வகை. எந்த ஆஸ்பத்திரியிலும் கார்டைப் பார்த்து ரத்தம் ஏற்ற மாட்டார்கள். வகை பார்த்து, பொருந்துகிறதா என்று சோதித்துத்தான் ஏற்றுவார்கள். அதாவது எது தேவையில்லையோ அது சிவப்பு எழுத்தில். எது தேவையோ அதற்கு இடமே இல்லை. பாதி கார்டைத் தாளாளர் போட்டோவும் பள்ளிக்கூட முத்திரையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன!

அடுத்து போன் நம்பர். கார்டில் அப்பா நம்பர், அம்மா நம்பர் இருக்கும். எந்த ஊரில்? அப்பா அம்மா இரண்டு பேரும் பட்டாசு கம்பெனிக்குப் போகிற ஊரில். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலோடு சரி. நியாயமான விதி, உயிர் காக்கும் விதி. ஆனால் பிள்ளை வண்டியில் போகும் காலை நேரத்திலும் திரும்பும் மாலை நேரத்திலும் அந்த இரண்டு நம்பரும் ஒரு அலமாரிக்குள் வைப்ரேட்டரில் நடுங்கிக்கொண்டிருக்கும், எடுக்க ஆளிருக்காது. தாயில்பட்டியில் ஒரு பிள்ளையின் சட்டையில் இருக்க வேண்டிய முதல் நம்பர் பகலில் வீட்டில் இருக்கும் பாட்டியுடையது, அல்லது பக்கத்து மளிகைக் கடைக்காரருடையது. மூன்றாவதாக வேண்டுமானால் அப்பா வேலை செய்யும் கம்பெனி ஆபீஸ் நம்பர். சென்னையில் யாரோ டிசைன் செய்த கார்டை அப்படியே காப்பி அடிக்கிற பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் எங்கே தோன்றப்போகிறது?

ரீசார்ஜ் முடிந்தால் சிம்மைத் தூக்கிப்போடுகிற காலம் வேறு. ஜூனில் அச்சடித்த நம்பர் தீபாவளிக்குள் செத்துவிடும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரிந்ததுதான்.

முதலில் சகுனம். வண்டி கிளம்பும்போது விபத்தைப் பற்றி எழுதி மாட்டுவதா, நல்ல வார்த்தை பேசுங்கள் என்பார்கள். ஆனால் புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பவர்கள் யார்? முன்னால் கருப்புக் கயிறும் மிளகாயும் கட்டுவது எதற்கு? பிள்ளை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு எதற்கு? கெட்டது நடக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்காகப் பிள்ளை உடம்பில் ஏதாவது கட்டலாம் என்பதும் தெரியும். கையில் கட்டுகிற அந்தக் கயிற்றிலேயே ஒரு பெயரையும் நம்பரையும் சேர்த்துக் கட்டினால் எந்தச் சாமி கோபிக்கும்? இருக்கங்குடி ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்து மைக்கில் அறிவிப்பதைக் கேட்டு வளர்ந்த ஊர்கள்தானே இவை. சபரிமலைக்குப் போனால் பம்பையில் கேரளப் போலீஸ் பிள்ளை கையில் அடையாளப் பட்டை கட்டுகிறது. அங்கே கையை நீட்டிக் கட்டிக்கொள்கிறார்கள். அது சகுனக்கேடு இல்லையாம்!

இரண்டாவது, "ஊர்ல எல்லாருக்கும் தெரியும்". இதைக் கிண்டல் செய்ய முடியாது, இதில் உண்மை இருக்கிறது. தாயில்பட்டித் தெருவில் எந்தப் பிள்ளையைப் பிடித்துக் கேட்டாலும் நாலு பேர் வந்து இன்னார் பேரன், இன்னார் கொழுந்தியா மகள் என்று மூன்று தலைமுறை சொல்லிவிடுவார்கள். எந்த கியூஆர் கோடும் அதற்கு ஈடாகாது. ஆனால் அந்த அறிவுக்கு ஒரு எல்லை இருக்கிறது. வெம்பக்கோட்டை வரை வரும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாதி குறைந்துவிடும். நாலு வழிச்சாலையில் ஏறி, மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போகிற வாடகைக் காரில் அது சுத்தமாகக் கிடையாது. திருமங்கலம் பக்கம் இரவு 11 மணிக்கு அந்தக் கார் லாரியின் பின்னால் சொருகினால், அங்கே ஓடிவருகிற ஆளுக்கு இன்னார் பேரனைத் தெரியுமா? இதே மாவட்டத்தில் ராஜபாளையம் மில்களில் வேலை செய்யும் பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ உள்ளூரிலேயே அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்தப் பிள்ளை சொல்கிற "அம்மா"கூட வேறு மொழியில் இருக்கும்.

தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் நிலைமையையும் யோசிக்க வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகப்பட்டு அடித்தே கொன்றார்கள். காரணம் வாட்ஸப்பில் சுற்றிய வதந்தி. இந்த மனநிலையில் இருக்கிற நாட்டில், கதறுகிற ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் ஓடினால் அவரை நிறுத்தி நாலு கேள்வி கேட்பார்கள். பிள்ளை பெயரே அவருக்குத் தெரியாது. பிள்ளையின் சட்டையில் இருக்கும் சீட்டு காப்பாற்றப்போவது பிள்ளையை மட்டும் அல்ல.

மூன்றாவது, ஆதார். இதுதான் படித்தவர்கள் சொல்வது. 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நீல நிற ஆதார் கொடுக்கிறார்கள், ஆனால் கைரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை. 5 வயதில் ஒருமுறை, 15 வயதில் ஒருமுறை பதிய வேண்டும். ஆக எந்த வயதில் பிள்ளையால் சொல்லத் தெரியாதோ, அந்த வயதில் ஆதாருக்கும் சொல்லத் தெரியாது. ரேகை இருந்தாலும் பிரயோஜனமில்லை. அடையாளம் தெரியாத பிணங்களை ரேகை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று 2018இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, அது தொழில்நுட்பப்படி முடியாது என்று ஆதார் ஆணையமே சொல்லிவிட்டது. நம்பரைக் கொடுத்தால் இந்த ரேகை அந்த நம்பருக்குரியதுதானா என்று சரிபார்க்கும், அவ்வளவுதான். நம்பர் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்காரர் ஏன் ஆதாரிடம் போகப்போகிறார்?

நாலாவது, பெண் பிள்ளை பெயரை ஊருக்கெல்லாம் காட்டுவதா என்ற பயம். இது நியாயமான பயம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். அதனால்தான் பெயர் வெளியே தெரியக் கூடாது. ஆனால் இந்தப் பயத்தைப் பேசுகிறவர்களின் கார் பின்கண்ணாடியைப் பார்த்தால் தெரியும்! அங்கே பிள்ளைகளின் பெயர் அழகான எழுத்தில், கலர் கலராக, எல்லோரும் படிக்கிற மாதிரி ஒட்டியிருக்கும். விபத்தில் முதலில் நொறுங்குகிற இடங்களில் ஒன்று அது. வேண்டாத இடத்தில் பெயர், வேண்டிய இடத்தில் வெறுமை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியா மாநிலத்தில் ஆரம்பித்த வேல் திட்டம் (முருகன் கை வேல் அல்ல, திமிங்கலத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல்). காரில் பிள்ளையை உட்கார வைக்கும் தனி சீட்டின் பக்கவாட்டில் திமிங்கலப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பெயர் கிடையாது, படம் மட்டும். விவரமெல்லாம் சீட்டின் பின்புறம், கண்ணுக்குப் படாத இடத்தில். திமிங்கலத்தைப் பார்த்த ஆம்புலன்ஸ்காரர் சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நல்ல யோசனை. ஸ்டிக்கரைவிட, ஸ்டிக்கரைப் பார்த்தால் எங்கே திருப்ப வேண்டும் என்று இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டதுதான் அதில் விசேஷம். 2005இல் இங்கிலாந்தில் பாப் பிராட்சி என்ற ஆம்புலன்ஸ் ஊழியர், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பரைச் செல்போனில் ஐஸ் என்ற பெயரில் சேமித்து வையுங்கள் என்று சொன்னார். அதுவும் இதே மாதிரி ஒரு பேச்சு ஒப்பந்தம்தான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையிடம் போன் ஏது?

அந்த ஸ்டிக்கரை அப்படியே இறக்குமதி செய்யலாமா என்றால், முடியாது. சீட்டே இல்லையே! 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ தனி சீட்டோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். 2022இல், பைக்கில் போகும் 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும் என்று விதி வந்தது. விதி வந்தது, பட்டை வரவில்லை. இங்கே பிள்ளையின் சீட்டு அம்மாவின் மடி, பைக்கின் பெட்ரோல் டேங்க், ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்துப் பலகை. ஆகவே ஒட்ட வேண்டிய இடம் வண்டி அல்ல, பிள்ளை. சட்டையின் உள்மடிப்பில், பின்கழுத்துக்குக் கீழே, துணியில் அச்சடித்துத் தைத்த ஒரு சிறு துண்டு. வெளியே தெரிய ஒரு அடையாளம் போதும், காலரில் ஒரு கலர் தையல் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுத் துணியில் போகும்போது அதே துண்டு அரைஞாண் கயிற்றிலோ கைக்கயிற்றிலோ. பெயர், ஊர், பகலில் எடுக்கிற ஒரு நம்பர், இன்னொரு நம்பர், வியாதி இருந்தால் அது. ஐந்து வரி. நம்பர் மட்டும் அழியாத மையில் கையால் எழுதுவது, மாறினால் வேறு துண்டு.

இதை யார் செய்வது என்று கேட்பதற்கு இந்த மாவட்டத்துக்கு மட்டும் உரிமையே இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த நாளிலிருந்து சிவகாசிக்குத் தெரிந்த இரண்டாவது வேலை லேபிள் அடிப்பது. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கத் தொடங்கிய அச்சகங்கள்தான் வளர்ந்து நாடு முழுக்கக் காலண்டரும் டைரியும் அனுப்புகின்றன. காஷ்மீரில் விற்கிற பண்டத்துக்கு லேபிள் அடிக்கிற ஊர், பக்கத்துத் தாயில்பட்டிப் பிள்ளைக்கு அடிக்க மிஷின் இல்லை என்று சொல்ல முடியுமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் 4 செட் சீருடை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவற்றைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள். ஒரு துண்டு சேர்த்துத் தைக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்? தனியார் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டை, பெல்ட், சாக்ஸ் எல்லாவற்றையும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று காசு வாங்குகிறவர்களுக்கு ஒரு துணித்துண்டு பெரிய பாரமில்லை.

கேட்க வேண்டிய இடமும் இருக்கிறது. 2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றில் படித்த ஒரு சிறுமி பள்ளி பஸ்ஸின் ஓட்டை வழியாக விழுந்து செத்தபிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. அன்றிலிருந்து வருடா வருடம் பள்ளி திறக்கும் முன் ஒரு மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ. சோதிப்பதைப் பேப்பரில் போட்டோவோடு போடுகிறார்கள். தீயணைப்பான் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா, அவசர வழி திறக்கிறதா, தரைப்பலகை உறுதியா என்று பார்க்கிறார்கள். நல்ல சோதனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் நிற்கும் வண்டிகள் காலி வண்டிகள். பிள்ளைகளைச் சோதிக்கும் நாள் எது? பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு காலை, வழியில் ஒரு வேனை நிறுத்தி, அதில் ஒரு பிள்ளையின் சட்டை மடிப்பைத் திருப்பிப் பார்த்து, அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டால் போதும். எடுக்கிறார்களா இல்லையா? எடுக்கவில்லை என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நோட்டீஸ். 108 ஊழியர்களுக்கும் அதே மாதிரி ஒரு வரி போதும்: காலரில் கலர்த் தையல் இருந்தால் உள்ளே பார்.

இதைவிடக் குறைந்த செலவில் கலெக்டர் ஆபீசில் ஒரு திட்டம் போட முடியாது. ஒருவேளை அதுதான் குறையோ என்னவோ. டெண்டர் விட இதில் ஒன்றும் இல்லை.

மே மாதக் கடைசியில் தாயில்பட்டியில் எந்தத் தையல் கடைக்குப் போனாலும் ஸ்கூல் யூனிபார்ம் மலையாகக் குவிந்திருக்கும். எல்லாம் ஒரே கலர், ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றோடொன்று மாறிவிடக் கூடாது என்று டெய்லர் ஒவ்வொரு சட்டையிலும் ஒரு சின்னத் துணித்துண்டில் பிள்ளை பெயரும் வீட்டு போன் நம்பரும் எழுதிக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பார். சட்டையை வாங்க அம்மா வருவாள். டெய்லர் பெயரைப் படித்துச் சரிபார்த்து, குண்டூசியைக் கழற்றி, அந்தத் துண்டைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, சட்டையை மடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பார்.